யும்னாவின் வெள்ளிக்கிழமை விதி

கிளமெண்டி, சிங்கப்பூர்,
சனிக்கிழமை

அன்புள்ள யும்னாவுக்கு,

சங்கீதா எழுதுவது. வாப்பாவுக்கு மூச்சுத்திணறல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நிதீஷும் பாப்பாவும் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. அப்பா பெயரைச் சொல்லச் சொன்னால் காற்றுதான் வருகிறது.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை அலுவலகக் கழிப்பறையில் நின்று கேட்டேன். "நான் எழுதுனதையே நான் திருடுனேங்கறாங்கடி. ஒன் கம்பெனிதானே, யாரையாவது விசாரிச்சுச் சொல்லேன்" என்று அழுதாய். விசாரிக்கிறேன் என்று பதில் போட்டேன். விசாரிக்க ஒன்றுமில்லை யும்னா. திருடியவள் நான். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நிதீஷும் பாப்பாவும் இங்கே வருவதற்கு முன் நாம் ஒரே அறையில் இருந்த காலத்தில், ஞாயிறுதோறும் நீ கிராஞ்சி விடுதிக்குப் போய்த் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு எந்த லாரி எத்தனை மணிக்கு எந்த வேலைத்தளத்துக்குப் போக வேண்டும் என்று கணக்கிடும் மென்பொருளை எழுதினாய். நானும் கூட வருவேன், பரோட்டா சாப்பிட. எழுதி முடித்ததும் உலகத்துக்கே திறந்து வைத்தாய். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது, மாற்றியதையும் அதேபோல் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். உன் உரிமத்தின் நிபந்தனை அவ்வளவுதான்.

நீ ஊருக்குப் போன மறுமாதம் எங்கள் நிறுவனத்துக்கு அதே மாதிரி ஒன்று தேவைப்பட்டது. கெடு மூன்று வாரம். நீ பென்டிரைவில் கொடுத்திருந்ததை எடுத்துப் போட்டேன். வெளியிடும் முன் எங்களிடம் உரிமச் சோதனை ஒன்று உண்டு. வெளியார் எழுதியது உள்ளே இருந்தால் சிவப்பு காட்டும். காட்டியது. அப்போதே மேலாளர் ரகுபதியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உன் பெயரும் உரிமமும் இருந்த எட்டு வரிகளை அழித்தேன். மறுபடி ஓட்டினேன். பச்சை. அன்று மதியம் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டேன், ருசித்துத்தான் சாப்பிட்டேன். 

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நண்பகலில் ஒரு லாரி வேலைத்தளத்திலிருந்து பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தாயே, ஜும்ஆ தவறிப்போகிறது என்று விடுதியில் அந்த பங்களாதேஷ்காரர் சொன்னதற்காக. வாடிக்கையாளர்களுக்கு அதுதான் மிகவும் பிடித்தது. "யூ திங்க் ஆஃப் எவ்ரிதிங் லா" என்று ரகுபதி எல்லார் முன்னாலும் என்னைத் தட்டிக்கொடுத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை தொழுகையைப் பற்றி எனக்கு என்னடி தெரியும்?

போன வாரம் எங்கள் சட்டப் பிரிவு இணையத்தில் உன் பக்கத்தைப் பார்த்திருக்கிறது. எங்களுடையதைப் போலவே எல்லாம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விதி உட்பட. நீ ஊருக்குப் போய்ப் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கில் ஏற்றியதால் உன் தேதி எங்களுக்குப் பிந்தியது. நீதான் திருடியவள் என்று புகார் எழுதினார்கள், உன் பக்கத்தை மூடவைத்தார்கள். எங்களுடையதற்கு முந்தைய தேதியுள்ள பிரதி என்னிடமுள்ள அந்தப் பென்டிரைவில் மட்டும்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை உனக்கு நேர்காணல். இரண்டு வருடம் வாப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவளுக்கு, ஊரிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலை. காட்டுவதற்கு அந்த ஒரு பக்கம்தான் உன்னிடம் இருந்தது. இப்போது அவர்கள் அதைத் திறந்தால் திருட்டுப் புகார் என்றுதான் வரும்.

நேற்று ரகுபதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "புகார சத்தமில்லாம வாபஸ் வாங்கிடலாம். காரணம் எதுவும் எழுத வேணாம். ஒன் ஒர்க் பாஸ் இருக்கு, பாப்பா ஸ்கூல் இருக்கு, யோசி" என்றார். கெட்டவர் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். ஆனால் காரணம் எழுதாமல் வாபஸ் வாங்கினால், திருடியவளைப் போனால் போகிறதென்று விட்டார்கள் என்றுதானே ஊர் நினைக்கும்?

நடந்ததை எல்லாம் ஒரு வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட்டேன். முதலில் அதை உனக்கு மட்டும் அனுப்பி, என்ன செய்வதென்று நீயே முடிவு செய் என்று எழுத நினைத்தேன். உன்னை எனக்குத் தெரியும். பாப்பாவை நினைப்பாய், நிதீஷை நினைப்பாய், யாருக்கும் காட்டமாட்டாய். அது தெரிந்துதான் அப்படி நினைத்தேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இன்று காலை அதையும் பென்டிரைவில் இருந்ததையும் எங்கள் சட்டப் பிரிவுக்கும், உன் பக்கத்தை மூடிய தளத்துக்கும், திங்கட்கிழமை உன்னைக் கேள்வி கேட்கப்போகும் நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டேன். இனி உன்னால் தடுக்க முடியாது. என்னாலும் முடியாது.

அனுப்பிய பிறகுதான் நிதீஷிடம் சொன்னேன்.  பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே விளையாட்டுத் திடலுக்குப் போயிருக்கிறார். வேலை போனால் பாஸும் போகும், பெட்டி கட்ட வேண்டியதுதான். அதற்காக நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் எனக்குக் கோபம் வரும்.

திங்கட்கிழமை நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார். உன் வெள்ளிக்கிழமை விதியைப் பற்றி விரிவாகச் சொல். அதை நீ சொல்லித்தான் கேட்க வேண்டும். வாக்குமூலத்தைப் படித்திருப்பார்கள், இந்தச் சங்கீதா உங்களுக்கு யார் என்று நிச்சயம் கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. நீ என்ன சொல்கிறாயோ, நான் அதுதான். உனக்கு எல்லாம் நல்லபடியாக அமைய வேண்டும். இன்ஷா அல்லாஹ் என்று நீ சொல்வாய், இன்று நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சங்கீதா