பதினெட்டாவது மாடிக்குப் பிறகு

அன்புள்ள மூணரைக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது போன வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியும். இனிமேல் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பெயரைப் பார்த்ததுமே உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். வயது கேட்டவர்களிடமெல்லாம் ஆறு வயது வரை 'மூணரை' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். நீ வீட்டைவிட்டுப் போன மூன்றாவது வாரம், விட்டுச்சென்ற பழைய டேப்லெட்டைத் தூசு தட்டி வைக்க எடுத்தேன். இணையத்தில் வாராவாரம் வரும் 'பதினெட்டாவது மாடி' சித்திரக்கதையின் பக்கம் திறந்தே இருந்தது. கீழே கருத்துப் பகுதியில் மூணரை என்பவள் எழுதியிருந்தாள்: "லிஃப்ட் பட்டன் பக்கத்துல இருந்த கீறல் போன வாரம் இடது பக்கம், இந்த வாரம் வலது பக்கம். ஓவியரே, தூங்கிட்டீங்களா?" பெயர் இல்லாவிட்டாலும் அந்தக் கண்ணை எனக்கு அடையாளம் தெரிந்திருக்கும். அது என்னிடமிருந்து உனக்கு வந்தது.

இரண்டாவது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே பகுதியில் உன்னோடு எழுதிக்கொண்டிருந்த 'சோதனைக்குழாய்' நான்தான்.

நீ அவரை ஓய்வுபெற்ற ஆண் வாத்தியார் என்று நினைத்துக் 'குழாய் சார்' என்று கூப்பிட்டாய். நான் திருத்தவில்லை. பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு கயிறு அறுந்ததும் லிஃப்ட் விழுவதாக வரைந்தது தவறு, நிஜத்தில் பல கயிறுகள் இருக்கும் என்று நான் நீளமாக எழுதியபோது, "குழாய் சார், வீட்டுல உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டாய். இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். அதை நீ நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்த முகம் போட்டாய்.

இங்கே பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. பரிசோதனைக் கூடத்தில் சோதனைக்கு வரும் அதே தண்ணீர் பாட்டில்கள், அதே லேபிள்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கதை வரும். நான் பேருந்து நிறுத்தத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்துவிடுவேன். வீட்டுக்குப் போய்ப் படித்தால் சிரிப்பு வரும்போது சுவர்தான் எதிரே இருக்கிறது. ஒரு நாள் பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டாள். "என்ன மேடம், இந்த வயசுல போனைப் பாத்துச் சிரிக்கிறீங்க? யாருன்னு சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். கதையில் வருகிறவளை நினைத்து, லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து அலுவலகத்தில் என்னைப் பற்றி ஒரு வதந்தி உலவுகிறது.

இப்போது கதையின் முடிவைப் பற்றி. தொண்ணூற்றாறு வாரமாக அந்த மெக்கானிக் ஒவ்வொரு மாடியாகச் சரிசெய்துகொண்டு ஏறினாள். அவள் படிக்கட்டில் வைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கழுவித் திருப்பி வைக்கும் அந்தப் பதினெட்டாவது மாடிக்காரர் யார் என்று எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் அந்த வீட்டுக் கதவு திறக்கிறது, அவள் உள்ளே போகிறாள், காலி லிஃப்டின் படத்தோடு கதை முடிகிறது. "இதுக்குத்தான் இத்தனை வாரம் காத்திருந்தேனா? காசு கொடுக்காமப் படிச்சதுதான் ஒரே ஆறுதல்" என்று நீ எழுதியிருந்தாய். நானூறு பேர் ஆமோதித்திருந்தார்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓவியர்மேல் எனக்கும் குறைகள் உண்டு. எண்பதாம் வாரத்துக்குப் பிறகு அவர் அவசரப்பட்டார், பத்தாவது மாடிக் குடும்பத்தை அம்போவென்று விட்டுவிட்டார், மழையைச் சரியாக வரையத் தெரியவே இல்லை. ஆனால் அந்தக் கடைசிப் படத்தைத் திரும்பவும் பார். அவளுடைய கருவிப்பெட்டி லிஃப்டின் கதவிடுக்கில் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. கதவு மூடாமல் இருக்க மெக்கானிக்குகள் அப்படித்தான் வைப்பார்கள், முப்பத்தோராம் வாரத்திலேயே காட்டியிருக்கிறார். அவள் லிஃப்டை அந்த மாடியிலேயே நிறுத்திவைத்திருக்கிறாள். உள்ளே என்ன ஆனாலும் இருவரும் சேர்ந்து கீழே இறங்கி வர வழி இருக்கட்டும் என்று. ஒரு கீறல் இடம் மாறினால் பிடித்துவிடும் நீ இதை எப்படித் தவறவிட்டாய் என்று யோசித்தேன். கோபத்தில் பார்த்திருப்பாய். அந்தக் கோபமும் என்னிடமிருந்து வந்ததுதான். கருவிப்பெட்டியைப் பற்றிக் கருத்துப் பகுதியில் நான் எழுதவில்லை. உனக்கென்று எடுத்துவைத்தேன்.

கதைக்குக் கீழே உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டவை நிறைய. ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது, மாவுக் கையோடு திரையைத் தள்ளியது, காய்ச்சலில் நான்கு நாள் கிடந்தது, ஜன்னல் உள்ள அறைக்கு மாறியது. காய்ச்சல் வந்த வாரம் ஒரு சித்திரக்கதை வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளைவிட அதிகமாகவே கேட்டுவிட்டேன். நீ "குழாய் சார், நீங்க எங்க அம்மாவை விட மோசம். அவங்களுக்கும் நாலு தப்பு கண்டுபிடிச்சாத்தான் சாப்பாடு இறங்கும்" என்றாய். அதற்கு நான் இதயக் குறி போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசி வருடப் படிப்பை நீ விட்டபோது நான் சொன்னவை எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. பொம்மைப் படம் பார்க்கவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்டேன். பார்க்காமலேயே பொம்மைப் படம் என்றேன். பார்க்காத பாட்டிலுக்கு முடிவு எழுதினால் என்னை வேலையைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை, எழுபத்தொன்றாம் வாரம். அன்று கதையைப் பற்றி ஒன்றும் எழுதாமல் நீ கேட்டாய்: "குழாய் சார், நீங்க பெரியவர், சொல்லுங்க. அம்மாவும் பொண்ணும் ஒரு வருஷத்துக்கு மேல பேசலன்னா யாரு முதல்ல பேசணும்?" அந்த பெஞ்சில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, போதிய விவரம் இல்லாமல் இதற்கு முடிவு சொல்ல இயலாது என்று எழுதினேன். கூடத்தில் பாதி நிரம்பிய பாட்டில் வந்தால் எழுதி ஒட்டும் அதே வாக்கியம். நீ "சரி சார்" என்றாய். அதன்பின் மூன்று வாரம் வரவில்லை.

எனக்கு எல்லா விவரமும் தெரியும். தெரியாதவள்போல நடித்தால்தான் நீ தொடர்ந்து வருவாய் என்று பயந்தேன். ஆறு மாதம் முன்பு ரொட்டிப் பயிற்சிக்காகச் சான்றிதழ்களைக் கேட்டு இரண்டு வரியில் முகவரி அனுப்பினாயே, அப்போதும் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்காமல் அனுப்பினேன்.

இந்த மாதக் கடைசியில் கருத்துப் பகுதியை மூடிவிடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். போன் செய்யலாம். ஆனால் போனில் முதல் நிமிடத்திலேயே நாம் இரண்டு பேரும் ஜெயிக்கப் பார்ப்போம். காகிதத்தில் நீ என்னைக் குறுக்கிட முடியாது, நானும் உன்னைக் குறுக்கிட முடியாது.

ஒளிந்திருந்து பார்த்ததற்கு நீ கோபப்பட்டால் அது நியாயம். படிப்பைப் பற்றிக் கேட்க மாட்டேன். திரும்பி வா என்றும் சொல்லவில்லை. வேறு ஏதாவது தொடரை நீ படிக்க ஆரம்பித்திருந்தால் அதன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. இந்த முறை என் சொந்தப் பெயரிலேயே வருகிறேன்.

ஆசி சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். அடுப்புச் சூட்டிலிருந்து ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஜன்னல் உள்ள அறை உனக்கு நன்றாக அமையட்டும்.

எழுபத்தொன்றாம் வாரத்துக் கேள்விக்குத் தாமதமான பதில்: அம்மாதான்.

இப்படிக்கு,
சோதனைக்குழாய்
(சார் இல்லை)