புதுக்கயிற்றில் கோத்த இரண்டு பழைய ஏடுகள்

கலமேறிச் சென்றோர் கரைசேரும் வரை விளக்கணையாது காக்கும் சங்கந்துறை அவையோர்க்கு மீன்வளமும் கலவளமும் பெருகுக. வெண்கரை நாடாளும் அலைவென்ற கோமான் திருவாய்மொழிந்தருள, அறங்கூறவைத் தலைவன் காரிநம்பி விடுக்கும் ஓலை.

கலத்தின் அடிமரத்தில் சிப்பியும் புழுவும் அண்டாத பூச்சொன்றைச் சாத்தன் மகள் பூதி ஆறாண்டு உழைத்துக் கண்டதும், பன்னீராண்டு அது தனக்கே உரியதாகுக என வேண்டியதும், நீவிர் மறுத்ததும், அவள் கோமான் திருமுன் முறையிட்டதும் நீவிர் அறிந்தவையே. மறுப்புக்கு நீவிர் காட்டியவை இரண்டு பழைய ஏடுகள். மீனெண்ணெயில் சுண்ணம் குழைத்துக் கலத்திற்குப் பூசுக என்றது ஒன்று. பல்லக்கிற்கு அரக்குப் பூசுக என்றது மற்றொன்று. இரண்டையும் கலந்தது பெரிய வித்தையோ, இரண்டேடும் படித்த எவனும் செய்திருப்பானே என்றீர். காரிநம்பியும் அப்படியே எண்ணினான். மறைப்பானேன், தீர்ப்பையும் பாதி எழுதிவிட்டான்.

வழக்கு நாளில் பூதி கெஞ்சவில்லை. ஏடுகளை ஏந்திப் பார்த்து, இவற்றை ஒன்றாகக் கோத்தவர் யார், எப்போது என்று மட்டும் பணிவோடு வினவினாள். ஏடுகள் அறுபதாண்டுப் பழையவை. கயிறோ மஞ்சள் மங்காத புதுக்கயிறு. நீவிர் சுட்டியபடி கப்பற்சுவடியிலிருந்து ஒன்றும் பல்லக்குச்சுவடியிலிருந்து ஒன்றுமாக உருவி, படிக்க வசதியாகக் கோத்தவன் காரிநம்பியே. அதுவும் அவளுடைய பூச்சைக் கண்ணாரக் கண்டு, அதில் என்னென்ன சேர்ந்தன என்று கேட்டறிந்த பின்பு! விடையைக் கையில் வைத்துக்கொண்டு விடுகதை எளிதென்று சொன்ன கதைதான்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, அரக்குப் பற்றிய ஏட்டை அன்றுதான் அவன் அடிவரை படித்தான். எண்ணெய் பட்ட மரத்தில் அரக்கு நில்லாது, கலவற்க என்று அங்கே எழுதியிருந்தது. அதைப் படித்த தச்சர் அனைவரும் அங்கேயே நின்றுவிட்டனர். பூதி ஒருத்தியே அரக்கைச் சாம்பற்காரத்தில் கரைத்து எண்ணெயோடு இணங்கச் செய்தாள்.

ஆகவே அப்பூச்சு பன்னீராண்டு பூதிக்கே உரியது. அவள் இசைவின்றி எவரும் அதைக் காய்ச்சற்க, பூசற்க. இனிப் பழைய ஏடுகளை அவை இருந்த சுவடியிலேயே வைத்து முழுதும் படிக்க. இரண்டையும் சேர்க்க முன்னமே எவர்க்கேனும் காரணம் இருந்ததோ என்று கேட்டபின் தீர்ப்புரைக்க.

நன்றி சொல்ல வந்த பூதியைக் காரிநம்பி வணங்க விடவில்லை. முப்பதாண்டு அறமுரைத்தவன் ஒருத்தியின் உழைப்பைத் தன் கையாலேயே பறித்திருப்பான். அப்பழியிலிருந்து அவனைக் காத்தது அவளது ஒரு வினா. அந்த நன்றியை நெஞ்சு நிறைய, அவைநடுவே எழுந்து நின்று சொன்னான். நீவிரும் அவளை அழைத்து அவ்வாறே சொல்க. இது கோமான் ஆணை. சங்கிலச்சினை பொறித்தாயிற்று, அவள் அமரும்வரை ஒருவரும் அமரற்க.