மணிமேடை வரை நடந்து போனோம்

பூதப்பாண்டி
5-11-1956

செல்வ மகள் உலகம்மைக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. ஈசுவர கிருபையால் நானும் உன் அம்மையும் தம்பி குலசேகரனும் சுகம், லீவுக்கு வந்த உன் பிள்ளைகள் இரண்டும் எங்களைவிடச் சுகம். பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும். முறுக்கைத் தின்று சின்னவனுக்கு வயிறு மந்தமாயிற்று, அம்மை சுக்குக் கஷாயம் கொடுத்துச் சரியாகிவிட்டது.

பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தாய். கொண்டுபோனேன். கோபப்படாமல் முழுவதும் படி. ஒன்றாம் தேதி நம் தமிழ்த் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்ததற்குக் கோட்டாற்றிலிருந்து மணிமேடைக்கு ஊர்வலம் என்றார்கள். குலசேகரனையும் கூட்டிப் போவதென்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். இதே காரியத்துக்காக மார்த்தாண்டம் போய்த்தானே இரண்டு வருஷத்துக்கு முன் போலீஸ் சுட்டு அவன் காலில் குண்டு பட்டது. அன்று முதல் வாசல் தாண்டாதவன், ஒரு செம்பு கீழே விழுந்தால் நடுங்குகிறவன். "வேண்டாம்ப்பா, என்னைய விட்டிருங்க" என்றான். "நீ ரத்தம் சிந்தின காரியம் மக்கா, நீ வராம நான் போகமாட்டேன்" என்று கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினேன். அம்மை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முன்னால் நாதஸ்வரம், பின்னால் சிலம்பக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். உன் மகள் பேபி, "குதிரைப் பட்டாளம் எப்ப வரும் தாத்தா?" என்று கேட்டாள். பம்பாயில் பார்த்ததை நினைத்திருக்கிறாள். பட்டாளம் கிடையாது, நாமேதான் ஊர்வலம் என்றதும் சிரித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டாள், நாங்களும் கூட நடந்தோம். கடைத்தெரு திரும்பும் இடத்தில் யாரோ வெடிச்சரத்தைக் கொளுத்திவிட்டான். தம்பி ஊன்றுகம்பைப் போட்டுவிட்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். உடம்பெல்லாம் வேர்வை. ஜனங்கள் பார்க்கிறார்கள். கட்டாயப்படுத்தியது தப்பென்று பட்டது, ஆனாலும் திரும்ப மனமில்லை. அப்போது சின்னவன் அவன் பக்கத்தில் போய்க் குந்தி, தானும் காதைப் பொத்திக்கொண்டு, "எனக்கும் வெடின்னா பயம் மாமா. பொத்திக்கிட்டே போலாமா?" என்றான். தம்பி அவனையே பார்த்தான். பிறகு என்னிடம், "கம்பைப் பிடிச்சா காதைப் பொத்த முடியாதே, நீங்க என்னைப் பிடிச்சுக்கிடுவியளா?" என்று கேட்டான். இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பேபி கம்பைத் தூக்கிக்கொண்டாள். மாமனும் மருமகனும் காதைப் பொத்தியபடி, நொண்டி நொண்டி, மணிமேடை வரைக்கும் வந்தார்கள். சிரித்தவர்களும் உண்டு. சிரிக்கட்டும்.

இனி அவனை வீட்டில் முடங்க விடமாட்டேன் என்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அவனே வந்து, வருகிற வெள்ளிக்கிழமை மார்த்தாண்டத்துக்குப் போகவேண்டும் என்கிறான். குண்டு பட்ட அன்று அவன் பக்கத்தில் விழுந்து செத்த கூட்டாளி கிளீட்டஸின் தாயாரை இதுவரை பார்க்கவில்லை. "அந்த அம்மா என்ன கேட்டாலும் சொல்லணும்ப்பா, அவன் கடைசியா பேசினது எங்கிட்டதான்" என்றான். நானும் கூடப் போகிறேன். அம்மை இப்போதே அவன் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளையின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் மறக்காமல் கொடு. தம்பிக்குத் தனியாக நாலு வரி எழுது, நான் சொல்லி எழுதியதாகக் காட்டாதே. எல்லா நலமும் பெற்றுத் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யம்பெருமாள்