இரண்டு முறை உப்புப் போட்ட சூப்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம், ஒரு திருத்தத்தோடு. அதைக் கடைசிவரை படித்துவிட்டுப் பதறு, பாதியில் ஃபோன் போடாதே.

சாப்பாட்டை சேவர் பண்ணிச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, உன் பள்ளிக்கூட டிக்‌ஷனரியில் பார்த்தேன். ருசியை அவசரமில்லாமல் முழுதாக அனுபவிப்பதாம், சாப்பாட்டை மட்டுமில்லை, ஒரு நல்ல நிமிடத்தையும் அப்படி அனுபவிக்கலாமாம். ஆலையில் எட்டே நிமிடத்தில் தின்றுவிட்டு எழுந்த எனக்கு இதெல்லாம் தூரம். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் நான் வைக்கும் சூப்பை முக்கால் மணி நேரம் குடிக்கிறாள், என் கைப்பக்குவத்தை சேவர் பண்ணுகிறாள் என்று போன கடிதத்தில் உனக்குப் பெருமையடித்திருந்தேன். அது தப்பு.

செவ்வாய்க்கிழமை சூப்பில் உப்புப் போட்டேன், கீழ்வீட்டுத் தையல்காரர் மெஷினில் திருகு கழலவில்லை என்று கூப்பிட்டார், போய்க் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உப்புப் போட்டேன். ருசி பார்த்துச் சமைக்கும் பழக்கம் எனக்கில்லை, அளவு சரியென்றால் எல்லாம் சரி என்பது பட்டறைப் புத்தி. அம்மா கிண்ணத்தைக் காலி செய்து வழக்கம்போல ரொம்ப நல்லா இருக்குங்க என்றாள். அப்புறம் நான் ஒரு வாய் வைத்தேன், நேரே தொட்டிக்கு ஓடினேன். விசாரித்தால், ஆஸ்பத்திரியில் கீமோ ஊசி போட ஆரம்பித்த நாளிலிருந்தே நாக்கில் ஒன்றும் தெரியவில்லையாம், காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருக்கிறதாம். மூன்று மாதம், பாப்பா. பக்கத்துல நின்னு முகத்தையே பார்க்கிற மனுஷன்கிட்ட அதை எப்படிங்க சொல்றது என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன், உப்புக் கரிப்பு என்று சமாளித்தேன்.

டாக்டர் ருசி திரும்பினாலும் திரும்பும், நாளாகும் என்றார். அதனால் இப்போது எதிரே உட்கார்ந்து முதல் வாயை நான் சாப்பிட்டு, உப்பு சரி, மிளகு கொஞ்சம் தூக்கல் என்று அறிக்கை வாசிக்கிறேன், அவள் தலையாட்டிக்கொண்டே விழுங்குகிறாள். எனக்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. நேற்று நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்து, என்னங்க, அடிப்பிடிக்க விட்டுட்டீங்களா, ஒரே கருகல் என்றாள். உண்மைதான், விட்டுவிட்டேன். முப்பத்தாறு வருடத்தில் அவளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், இதை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். டிக்‌ஷனரியில் போட்டிருந்தது சரிதான்.

நீ ஃபோனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும். ஞாபகம் வைத்துக்கொள், அம்மா பேசும்போது என் சமையலைக் குறை சொன்னால் சிரித்துக்கொண்டு கேள். நல்லா இருக்கு என்று சொன்னால் மட்டும் உடனே எனக்குத் தகவல் கொடு.

இப்படிக்கு,
சூப்பைக் கருகவிட்ட உன் அப்பா