பூசாரிக்கான அத்தியாயம்

மார்ச் 3, செவ்வாய்
பாப்பாவுக்கு எட்டு மாதம். இன்று நான் வாசற்படி தாண்டியது ஒரே முறை, குப்பையை வைக்க. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

மத்தியானம் அவள் தூங்கிய நாற்பது நிமிடத்தில் அத்தியாயத்தை முடித்து, கல்லூரி நண்பன் தாடிக்கு அனுப்பினேன். கல்லூரியில் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை விளையாடுவோம். கதையை நடத்துவது தாடி. இப்போது சொந்தமாக ஒரு விளையாட்டையே உருவாக்கிப் புத்தகம் போடுகிறான். தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரியின் அத்தியாயம் என்னுடையது. பாப்பாவுக்காக இல்லாமல் நான் செய்கிற ஒரே காரியம்.

மார்ச் 5
தாடி போன் செய்தான். "என்னடி இது? மந்திரவாதி நெருப்பு விடுறான், உன் பூசாரி ஒளி விடுறா. ரெண்டு பேரும் பகடை உருட்டுறாங்க, ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு நாலு மந்திரம். கழுத்துல மணி மாட்டினதத் தவிர என்ன வித்தியாசம்?"

சரிதான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பதினாலாம் தேதிக்குள் மாற்றி, ஆட்களை வைத்து விளையாடிப் பார்க்காவிட்டால் அத்தியாயம் வேறொருவருக்குப் போய்விடும். அதற்கு மூன்று மணி நேரம் போனில் உட்கார வேண்டும். மூன்று மணி நேரம்! குளிக்கும்போதே கதவைத் திறந்து வைத்துத்தான் குளிக்கிறேன்.

மார்ச் 7
புது விதி: நாலு மந்திரம், ஐந்து மந்திரம் என்று பூசாரியிடம் இருப்பு கிடையாது. ஒவ்வொரு முறையும் தெய்வத்திடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மந்திரவாதி செய்கிறான், பூசாரி கேட்கிறாள்.

தாடி தெய்வம், நான் பூசாரி. போனில் முயன்று பார்த்தோம். பாலம் இடிந்துவிட்டது, தோழர்கள் ஆற்றில். "தெய்வமே, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, முடிஞ்சா, வேற யாரும் கேக்கலன்னா..."

"இது பிரார்த்தனையா, லீவ் லெட்டரா? அதுக்குள்ள மூணு பேரும் கடலுக்கே போய்ச் சேர்ந்துட்டாங்க!"

பாப்பா எழுந்துவிட்டாள். வைத்துவிட்டேன்.

மார்ச் 8
பதினாலாம் தேதி, சனிக்கிழமை, விளையாட வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மார்ச் 9
இன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். எட்டிப் பார்த்து, "தலைவலியா?" என்றார். "ஒண்ணுமில்லங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? இவர் கெட்டவர் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவர். வந்ததும் பாப்பாவைக் கொஞ்சுவார்; அவள் சிணுங்கிய நொடி அவள் என் கையில் இருப்பாள். கேட்டால் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். மாட்டேன் என்றுவிட்டால்? கேட்காமல் இருக்கிறவரை ஒத்துக்கொள்வார் என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மார்ச் 10
கண்டுபிடித்துவிட்டேன்! டயப்பர் மாற்றும்போது. மந்திரவாதிக்கு மந்திரம் பலிக்காமல் போகலாம். அது பகடையின் குறும்பு. பூசாரி கேட்பதையோ ஒருவர் முழுதாகக் காதில் வாங்கிக்கொண்டு 'மாட்டேன்' என்கிறார். ரெண்டும் ஒன்றா? அதனால் பூசாரிக்குப் பகடையே வேண்டாம். தெய்வம் மறுக்கலாம். மறுத்தால் பூசாரி ஒரே ஒரு முறை 'ஏன்' என்று கேட்கலாம். தெய்வம் பொய் சொல்லக்கூடாது.

"இப்பத்தான் சூடு பிடிக்குது," என்றான் தாடி. "சனிக்கிழமை ரெண்டு மணி. உண்டா, இல்லையா?"

உண்டு என்றேன். எந்தத் தைரியத்தில்?

மார்ச் 12
காலையில் இவர் ஷூ மாட்டும்போது கேட்டேன். "சனிக்கிழமை ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீங்க பாப்பாவப் பாத்துக்கணும். நான் ரூமுக்குள்ள இருப்பேன்."

"அது முடியாதும்மா. வேற நாள் பாக்கலாமே."

'பரவால்லங்க' தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டு, "ஏன்?" என்றேன்.

லேஸைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "வேலைன்னு சொல்லலாம்னு பாத்தேன். வேலையெல்லாம் இல்ல. அவ அழ ஆரம்பிச்சா எனக்குக் கை நடுங்குது. ஒரு நாளைக்கு அம்பது பேருக்கு ஊசி குத்துறேன், அப்ப நடுங்கினதில்ல. நீ வந்து வாங்கிக்கிற வரைக்கும் மூச்சே வர்றதில்ல."

இத்தனை நாள் சோம்பல் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"எனக்கும்தான் நடுங்குது," என்றேன். "என்கிட்டேருந்து வாங்கிக்க ஆளில்ல."

படியிறங்கிப் போனார்.

மார்ச் 14, சனி
அரை நாள் வேலை முடிந்து ஒன்றரைக்கு வந்தார். கையைக் கழுவிக்கொண்டு பாப்பாவை வாங்கிக்கொண்டார்.

இன்று நான் தெய்வம். தாடியின் தங்கச்சி பூசாரி. ரெண்டேகாலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை தொடங்கியது. எழுந்து கதவில் கை வைத்துவிட்டேன். "வராத!" என்றார் இவர் அந்தப் பக்கமிருந்தே, குரல் பிசிறியது. "வராத. நானே பாத்துக்கறேன்."

போனில், "தெய்வமே, லைன்ல இருக்கீங்களாக்கா? என் தோழனோட காயத்த ஆத்துங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"அவனே கட்டுப் போட்டுக்குவான்."

"அடப் போங்க தெய்வமே!" என்றவள், அடுத்த ஒரு மணி நேரம் தெய்வத்தோடு பேசவே இல்லை. விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கோபம். தாடி குதித்தான்: "பகடைகிட்ட யாராவது கோச்சுக்கிட்டுப் பேசாம இருப்பாங்களா? இதாண்டி வித்தியாசம்! அத்தியாயம் உன்னுது."

பாப்பா இருபத்தாறு நிமிடம் அழுதாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். இவர் தரையில், சுவரில் சாய்ந்து. சட்டையெல்லாம் எச்சில். மார்பில் பாப்பா. வாங்கக் கை நீட்டினேன்.

"இரு. இப்பத்தான் அசந்தா," என்றார். தரவில்லை.

கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.