பத்தடி முன்னால்

கும்மிடிப்பூண்டி
14-2-1978

அன்புள்ள பூவுக்கு,

துளசிராமன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் வயிற்றில் இருக்கும் நம் பிள்ளையும் நலம்தானே? நீ பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்குப் போய்ப் பத்து நாளாகிறது. ஒரு கார்டுகூடப் போடவில்லை. அன்றைக்கு ஸ்டேஷன் ரோட்டில் நீ மயங்கி விழுந்ததற்கு நான் என்ன செய்வேன்? கம்பெனி ஷிப்டு விட்ட நேரம், ரோடு முழுக்க ஆட்கள். மோர் விற்கிற அஞ்சம்மாள்தான் உடனே தூக்கிவிட்டார்களே! இதற்குப் போய் அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டால் எப்படி? என் சமையலைத் தின்ற கம்பெனிச் சிநேகிதன் குப்புராஜ் இரண்டு நாளாக இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர்.

உன்
துளசிராமன்

ஆரணி
20-2-1978

என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்குப் பூவம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று பொன்னேரி டாக்டரம்மா மறுபடியும் பார்த்துச் சொன்னார்கள்.

விழுந்ததற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு ரயிலை விட்டு இறங்கியதும் குப்புராஜ் அண்ணன் வந்தார். அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நீங்கள் நடந்தீர்கள். நான் பத்தடி பின்னால். அது வழக்கம்தான், என் அப்பாவும் அப்படித்தான் நடப்பார். ஆனால் நான் விழுந்த பிறகும் அந்தப் பத்தடியை நீங்கள் தாண்டவில்லை. கண் திறந்தபோது அஞ்சம்மாள் மடியில் கிடந்தேன். "இன்னாய்யா, பொண்டாட்டி வுழுந்து கெடக்குது, நீ பையைப் புடிச்சிக்கினு நிக்கிறியே?" என்று அவர்கள் உங்களைக் கேட்டார்கள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து நீங்கள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தீர்கள்.

குப்புராஜ் அண்ணன் விழுந்திருந்தால் தூக்கியிருக்க மாட்டீர்களா? கதவைச் சாத்தினால் மட்டும்தான் நான் உங்கள் மனைவியா? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

பூவம்மாள்

கும்மிடிப்பூண்டி
26-2-1978

அன்புள்ள பூவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெட்கமாக இருக்கிறது. தூக்கத்தான் நினைத்தேன். நடுரோட்டில் பெண்டாட்டியைத் தொட்டால் மறுநாள் கம்பெனியில் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள் என்று கை வரவில்லை. அதுதான் உண்மை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். உங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கிற இடம்வரை உன் பக்கத்திலேயே நடப்பேன். யார் பார்த்தாலும் சரி. புறப்படத் தயாராக இரு.

உன்
துளசிராமன்

கும்மிடிப்பூண்டி
7-3-1978

பூவு,

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. குப்புராஜ் வந்து கதவைத் தட்டினான், திறக்கவில்லை.

உங்கள் வீட்டை விட்டு இறங்கும்போது தைரியமாகத்தான் இருந்தேன். உன் பக்கத்தில் ஒரு நாலு வீடு நடந்திருப்பேன். உன் சித்தப்பா முனுசாமி சைக்கிளை நிறுத்தி, "இன்னா மாப்ளே, பொண்டாட்டிய ஒட்டிக்கினு போறே, எவனாவது தூக்கினு பூடுவானா?" என்றார். தெருவே சிரித்தது. அப்புறம் என் கால் தானாக வேகம் பிடித்துக்கொண்டது. பஸ் வந்துவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

"துளசிராமன், நில்லுங்க!" என்று நீ கூப்பிட்டாய். அத்தனை பேர் முன்னால். நான் திரும்பவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். நீ வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாய். ஜன்னலண்டை ஓடி வந்த உன் அப்பாவிடம், பஸ் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை என்றேன். உன்னிடமும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். பஸ் கிளம்பியது. நான் இறங்கவில்லை.

எந்த முகத்தோடு உன்னை வா என்று எழுதுவேன்? இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நீ என் பேரைச் சொன்னது அது ஒரு தடவைதான். எனக்கு நன்றாகக் கேட்டது, பூவு.

துளசிராமன்