எட்டு வாசலிலும் வேப்பிலை

பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்த என் புஷ்பாவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன்னோடு மனசுக்குள் பேசாத காலை ஒன்றுகூட இல்லை. ஆனால் உட்கார்ந்து எழுதத் துணிந்தது இன்றைக்குத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், நீ பாதியிலேயே கொட்டாவி விடுவாய். இந்த ஒரு தடவை பொறுத்துக் கேள்.

முதலில் ஊர்ச் செய்தி. மறுபடியும் தொற்று கூடிக்கொண்டு போகிறது. ரேடியோவைத் திறந்தால் எண்ணிக்கை, பஸ்ஸில் ஏறினால் எண்ணிக்கை, நான் வேலை பார்க்கிற பார்மசிக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் வாயிலும் அதே எண்ணிக்கை. கண்டி டவுனில் கடைகள் பாதிக் கதவைத்தான் திறக்கின்றன. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த இடத்தில், ஒருவர் இருமினால் இப்போது நாலு பேர் ஒதுங்குகிறார்கள்.

ஹந்தானை பஸ்ஸில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில்தான் உட்கார வேண்டுமாம். நடுவில் இருப்பதில் பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறார்கள். இடம் பிடிக்க நீ குடையை வைக்கிற இடத்தில் இப்போது அந்தக் குறி. உன் இடத்தில் வேறொருத்தி உட்காராமல் இருக்க இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சரி, சுற்றியது போதும். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த அந்த மூன்று காலைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நீ வேலை பார்த்த புடவைக் கடை வாசலில், நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்துச் சூடு பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ என் பின்னாலேயே பார்மசிக்கு வந்தாய். முகம் சிவந்திருந்தது. இரண்டு பெனடோல் கேட்டாய். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. மாத்திரையையும் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, அரை மணித்தியாலம் கழித்துக் கடைக்குப் போ, அதற்குள் சூடு இறங்கிவிடும் என்று யோசனையும் சொன்னேன். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நீ கேட்பதற்கு முன்பே மாத்திரையை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

நீ பயந்தது உனக்காக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம் என்று இருக்கிற லயம் நம்முடையது. ஒருவருக்குத் தொற்று என்றால் எட்டு வீட்டையும் பூட்டி வைப்பார்கள், எட்டு வீட்டிலும் வேலை நிற்கும். "அந்தப் பாவம் எனக்கு வேணாம் லெச்சுமி" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். நாலாம் நாள் உன்னால் பஸ்ஸுக்கு ஏறி வர முடியவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

உன்னை மூடிய பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். உன் வீட்டுக்காரர் சிவலிங்கம் அண்ணனும் உன் மகள் தர்ஷினியும் தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி. நாங்கள் எல்லோரும் உள்ளே பூட்டிக் கிடந்தோம். உன் கதவில், இது தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று மூன்று மொழியிலும் அடித்த தாள் ஒட்டியிருந்தது. காலம் முடிந்த அன்று தர்ஷினி அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பசை காய்ந்த தடம் மட்டும் போகவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நான் அதைப் பார்த்தேன். மாத்திரை விஷயத்தை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காலை. நான் தலை சீவிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து வாசலில் நின்றாள். பதினெட்டு வயதாகிவிட்டது உன் மகளுக்கு. நிற்கிற நிலை அப்படியே நீதான், ஒரு காலில் பாரம் போட்டுக்கொண்டு.

"சித்தி, ரெண்டு பெனடோல் இருக்கா? அப்பாவுக்கு ஒடம்பு சுடுது. இன்னைக்குப் பிலிமத்தலாவைக்குப் போயே ஆகணுமாம்" என்றாள்.

அண்ணன் அங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்குகிறார், உனக்குத் தெரியும். அந்தக் கடை வாசலிலும் அதே கருவிதான். என் கை என்னை அறியாமலே பைக்குள் போய்விட்டது, புஷ்பா. மாத்திரை அட்டை விரலில் தட்டுப்பட்டது. கொடுத்துவிடு, பெரிய வம்பு வேண்டாம் என்று மனசு சொன்னது. யோசித்துப் பார்த்தால், கெட்ட எண்ணத்தோடு நான் யாருக்கும் எதுவும் செய்ததில்லை. எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்ததுதான்.

கையை வெறுமையாக வெளியே எடுத்தேன். எத்தனை நாளாகச் சூடு என்று கேட்டேன். இரண்டு நாள் என்றாள். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"ஒங்கம்மாவுக்கும் நாந்தான் குடுத்தேன், தர்ஷினி. மூணு நாள் குடுத்தேன். அதனாலதான் ஒனக்குத் தர மாட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால், திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். சரி, நீ விட்டுப்போன ஒரு சொந்தமும் இன்றோடு முடிந்தது என்று நினைத்து நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போனோடு திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "பீஎச்ஐ நம்பர் சொல்லுங்க சித்தி" என்றாள். பேசியதும் அவளேதான்.

மத்தியானத்துக்குள் அந்தப் பீஎச்ஐ, சுகாதாரப் பரிசோதகர், வந்துவிட்டார். சிங்களப் பையன், சின்ன வயசு, தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள். மூச்சு வாங்கியது. ஆனாலும் வண்டிக்குள் இருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை உன்னிடம் எப்படிச் சொல்வது? வேலையைக் கெடுத்தவளைப் பார்க்கிற பார்வை. எட்டுக் கதவிலும் தாள் ஒட்டினார்கள். பதினாலு நாள் யாரும் வெளியே போகக் கூடாது.

அதற்குப் பிறகு நான் வாங்கிய திட்டு இருக்கிறதே, நீ இருந்திருந்தால் நடுவில் புகுந்து ஆளுக்கு இரண்டு கொடுத்திருப்பாய். கடைசிக் காம்பரா ராமாயி அக்காதான் எல்லோரையும் விட அதிகம். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எனக்குக் கேட்கவென்றே சத்தமாகப் பேசினாள். எட்டு வீட்டு வயிற்றிலும் அடித்துவிட்டேனாம், டவுனில் வேலை பார்க்கிற திமிராம். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமலா? சொல்ல மனசு வரவில்லை.

திட்டைத் தாங்கிக்கொண்டேன், ஒதுக்கலைத்தான் தாங்க முடியவில்லை. மேல் லயத்து ஆட்கள் நம்ம பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் போனார்கள். மரக்கறி வேன் நம்ம வளைவில் நிற்காமல் வேகமெடுத்தது. நம்ம பிள்ளைகள் வாசலில் நின்றால் தூரத்தில் போகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இந்த அவமானத்துக்குப் பயந்துதானே நீயும் மாத்திரை கேட்டாய்? ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ஒட்சிசன் வைத்திருந்தார்கள். இங்கே தர்ஷினி தனியாக அந்தத் தாள் ஒட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் உன் ஞாபகம் கை கொடுத்தது. தர்ஷினி இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது அவளுக்கு அம்மை போட்டது நினைவிருக்கிறதா? நீ வாசலில் வேப்பிலை சொருகினாய். அதுவும் தொற்றுகிற நோய்தான், அப்போதும் யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் ஒருவரும் உன்னை ஒதுக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிற வீடு என்று வாசலில் இளநீரும் மோரும் வைத்துவிட்டுப் போனார்கள். உன் வீட்டைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தவர்கள்கூட உண்டு. தள்ளி நின்றதும் ஒரு மரியாதையாகத்தான் இருந்தது.

ஹந்தானைக் குளிருக்கு வேம்பு ஏது? மேல் லயத்து ஆட்டோக்காரருக்குப் போன் பண்ணி, டவுனிலிருந்து ஒரு கட்டு வேப்பிலை கொண்டு வந்து வளைவில் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வாசலில் கட்டத்தான் என்றேன். மறுபேச்சில்லாமல் கொண்டு வந்து போட்டார். முதல் கொத்தைத் தர்ஷினியின் கதவில் சொருகினேன், அடுத்ததை என் கதவில். மீதியைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் விடிந்து பார்த்தால் ஏழு வாசலில் வேப்பிலை. ராமாயி அக்கா வாசல் மட்டும் வெறுமை.

இலை நோயைக் குணமாக்கும் என்று நான் நினைக்கவில்லை, என்னைப் பைத்தியக்காரியாக்கிவிடாதே. பார்மசியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள் நான். பரிசோதகர் வந்தபோது, இதைப் பார்த்து ஏதாவது சொல்வாரோ என்று பயமாகத்தான் இருந்தது. அவர் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மை வந்தால் தங்கள் வீட்டிலும் இப்படித்தான் கட்டுவார்கள் என்றார். கட்டுங்கள், ஆனால் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் நம்ம வளைவில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே தேங்காய், பருப்பு, ஒரு கட்டுக் கீரை. யார் வைத்தது என்று இன்று வரை தெரியாது. அடுத்த நாள் இரண்டு பெட்டி. மரக்கறி வேனும் நின்றது. வேன்காரர் சாமான்களைக் கல்லில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், நானும் இங்கிருந்தே கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் பீலியடியில் ராமாயி அக்கா தள்ளி நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். அவ்வளவு சத்தமாகப் பேசுகிற மனுசி, வாய்க்குள்ளேயே பேசினாள்.

"எனக்கும் நாலு நாளாக் காச்சல், லெச்சுமி. சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கும் ஒரு கொத்து எடுத்து வச்சிருக்கியா?"

அவள் என்னைத் திட்டிய திட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசிக் கொத்தைக் கொண்டுபோய் அவள் வாசற்படியில் வைத்தேன். பிறகு பரிசோதகருக்குப் போன் பண்ணினேன். பத்து நாள் சிகிச்சை நிலையத்தில் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தாள். அங்கே பருப்புக்கு உப்புப் போடத் தெரியவில்லை என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பிறகு மேல் லயத்திலும் இரண்டு பேர் தாங்களாகவே வாய் திறந்தார்கள். எண்ணிக்கை கூடிவிட்டதே என்று ரேடியோ கவலைப்பட்டது. எனக்கு அந்தக் கவலையோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அவர்கள் மறைக்கவில்லை பார்.

உன் வீட்டுக்காரர் நேற்று வந்தார். மெலிந்திருக்கிறார். இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். ஆனாலும் தன் காலிலேயே நடந்து வந்தார். அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அதுபோல ஊற்ற வேண்டும் என்று ராமாயி அக்கா அண்டாவோடு வந்து நின்றாள். டாக்டர் வெந்நீரில் குளிக்கலாம் என்று சொல்லியிருந்ததால் தர்ஷினி தண்ணீரைச் சுட வைத்தாள். நான் என் வாசலிலேயே நின்றேன். வண்டிக்குள் இருந்து பார்த்த அந்தப் பார்வை எனக்கு மறக்கவில்லை. அதோடு, மகள் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும்.

அண்ணன் பலகையில் உட்கார்ந்தார். ராமாயி அக்கா சொம்பைத் தூக்கினாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"மொத சொம்பு தங்கச்சி ஊத்தட்டும்" என்றார்.

தர்ஷினி வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஊற்றினேன், புஷ்பா. பாதித் தண்ணீர் அவர் தலையில், பாதி என் காலில். "இன்னும் மூணு நாள் போயிருந்தா நானும் அவ பின்னாடியே போயிருப்பேன்னு டாக்டர் சொன்னாரு" என்று தலையைக் குனிந்தபடியே சொன்னார். உன்னைப் பற்றியும் கேட்கவில்லை, மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லை.

உனக்கு இப்படித் தண்ணீர் ஊற்ற எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரைத் தர்ஷினி உன் வாசலில் ஊற்றித் தேய்த்தாள், கதவையும் சேர்த்துத்தான். புதுத்தாளும் பழைய பசைத் தடமும் ஒன்றாகப் போயின.

நீ என்னை மன்னித்தாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. நாளைக்கு நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். இரண்டு பெனடோல் கேட்டு யாராவது வருவார்கள். முகம் சிவந்திருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும். மேசையில் மாத்திரையை வைப்பதற்கு முன்னால் நான் கேட்பேன்: யாருக்கு, எத்தனை நாளாக? கோபித்தாலும் கேட்பேன், முதலாளி முறைத்தாலும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அதை உன்னிடம்தான் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன் மகளுக்குச் சித்தி, உன் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி, உனக்கு என்றைக்கும் பக்கத்துச் சீட்டுக்காரி,
லெச்சுமி